எந்தப் புத்தகத்தில்?

ஒரு பன்றிக்குட்டியை மோரில் குளிப்பாட்டுகிறார்கள். எந்தப் புத்தகத்தில்?

மேசையைச் சுற்றி நான்கு பேர். எல்லோருக்கும் ஒன்பது, பத்து வயதிருக்கும். கேள்வியை வாசித்து முடித்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இருப்பது 15 விநாடி. நான்கு தலைகளும் முட்டிக்கொள்கிற அளவுக்கு நெருங்குகின்றன. 'குளியல்' என்று கேட்டதுமே ஒருத்தி பாய்கிறாள்: வீட்டைவிட்டு ஓடிவந்து அருங்காட்சியகத்தில் ஒளிந்துகொண்ட அக்காவும் தம்பியும் நீரூற்றில் இறங்கிக் குளிப்பார்களே, அடியில் கிடக்கிற காசைக்கூடப் பொறுக்குவார்களே, அதுதானே? அதில் பன்றி எங்கே வந்தது என்கிறான் பக்கத்தில் இருப்பவன். மூன்றாமவனுக்கு மோர் நினைவிருக்கிறது, புத்தகம் நினைவில்லை. சந்தைக்குக் கிளம்புகிற நாள் காலையில் குளிப்பாட்டினார்கள் என்கிறான். சந்தை என்றதும் நான்காமவளுக்கு மளமளவென்று எல்லாம் வந்துவிடுகிறது. பன்றியின் பெயர் வில்பர், வலையில் எழுத்துப் பின்னுகிற சிலந்தி அதன் தோழி, புத்தகம் 'சார்லட்ஸ் வெப்', எழுதியவர் இ. பி. ஒயிட்.

காட்சி நான் கட்டியது, கேள்வியும் என்னுடையதுதான். ஆனால் இந்த அச்சில் வார்த்த கேள்விகளை ஆண்டுதோறும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எதிர்கொள்கிறார்கள். 'பேட்டில் ஆஃப் தி புக்ஸ்' என்று பெயர். நாம் புத்தகச் சமர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மேசையில் விடை சொன்னவள் நான்காமவள். ஆனால் விடையைக் கண்டுபிடித்தவர் யார்? தவறாகச் சொன்ன முதல் சிறுமி இல்லாவிட்டால் இரண்டாமவன் மறுத்திருக்க மாட்டான். மூன்றாமவனின் மோரும் சந்தையும் இல்லாவிட்டால் நான்காமவளுக்கு வழி திறந்திருக்காது. இந்தப் போட்டியைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த 15 விநாடிக்குள் அடங்கியிருக்கிறது.

விதிமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓரிகன் மாநிலத்தில் நடப்பதை எடுத்துக்கொள்வோம். அங்கே பள்ளி நூலகர்களின் சங்கம் இதை நடத்துகிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிரிவு. நடுநிலைக்கும் உயர்நிலைக்கும் தனித்தனிப் பிரிவுகள். சிறியவர்களுக்கு ஆண்டுக்கு 16 புத்தகம். அடுத்த ஆண்டுக்கான பட்டியல் முன்கூட்டியே வெளியாகிவிடும், கோடை விடுமுறையிலேயே வாசிக்கத் தொடங்கலாம். அணிக்கு நான்கு பேர், கூட ஒரு மாற்று ஆள். சமர் என்பது இரண்டு அணிகள் நேருக்கு நேர் உட்காருவது. கேள்விகள் இரண்டு வகை. ஒரு வகை 'எந்தப் புத்தகத்தில்' என்று தொடங்கும். புத்தகத்தின் பெயருக்கு மூன்று மதிப்பெண், ஆசிரியர் பெயருக்கு இரண்டு. மற்ற வகையில் புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளடக்கத்தைக் கேட்பார்கள். பள்ளிக்குள் வென்ற அணி வட்டாரத்துக்கும், அங்கே வென்ற அணி மாநில அளவுக்கும் போகும்.

ஆசிரியர் பெயருக்கு இரண்டு மதிப்பெண் என்பது முதல் பார்வைக்குச் சில்லறை விஷயம். எனக்கு அது பெரிதாகப் படுகிறது. சிறுவர் புத்தகங்களை நம் வீடுகளில் 'அந்த முயல் கதை', 'அந்த யானை கதை' என்றுதான் சொல்கிறோம். எழுதியவருக்கு ஒரு பெயர் உண்டு என்பது குழந்தைக்குத் தெரியாமலே போகிறது. ஆசிரியர் பெயர் தெரிந்த குழந்தைதான் நூலகத்தில் போய் அவர் எழுதிய வேறொன்று இருக்கிறதா என்று கேட்கும்.

பெயரின் கதையும் வேடிக்கையானது. 'புத்தகங்களின் போர்' என்பது ஜோனதன் ஸ்விஃப்ட் 1704இல் வெளியிட்ட அங்கதம். லண்டன் அரண்மனை நூலகம் ஒன்றில் பழைய நூல்களும் புதிய நூல்களும் அலமாரியைவிட்டு இறங்கி அடித்துக்கொள்ளும். பிள்ளைகளின் சமருக்கு அந்தச் சண்டையோடு பெயர்ப் பொருத்தம் மட்டுமே. இதன் பிறப்பிடம் சிகாகோ; 1940களில் பள்ளி மாணவர்களை வைத்து வானொலியில் நடத்திய வினாடி வினா. அந்த நகரத்துக்கும் வானொலிக் கல்விக்கும் முன்பே உறவு உண்டு. 1937 செப்டம்பரில் போலியோ பரவியபோது பள்ளிகளைத் திறக்காமல், பாடங்களை வானொலியில் ஒலிபரப்பினார்கள். பாட அட்டவணையை நாளிதழ்கள் அச்சிட்டன. கொரோனா காலத்தில் தொலைக்காட்சி முன்னே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்த நம் பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. பள்ளியின் குரல் வானொலி வழியே வீட்டுக்கு வீடு கேட்கும் என்பதை அந்த ஊர் ஏற்கெனவே அறிந்திருந்தது. வானொலி நிகழ்ச்சி நின்றபிறகும் நூலகர்கள் ஆட்டத்தை விடவில்லை. கைக்குக் கை மாறி அது வேறு மாநிலங்களுக்குப் போயிற்று.

அப்படிப் போன இடங்களில் அலாஸ்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாநிலத் தலைநகரான ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் போகவேண்டும். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்கள் பலவற்றின் நிலை இன்னும் கடினம். நாலு பிள்ளைகளை ஒரு போட்டிக்கு அழைத்துப் போவதென்றால் சிறு விமானத்தில் ஏற்ற வேண்டும். ஆகவே அங்குள்ள நூலகர்கள் போட்டியையே தொலைபேசியில் வைத்தார்கள். அணி தன் பள்ளியிலேயே ஒரு அறையில் உட்கார்ந்திருக்கும், கேள்வி ஒலிபெருக்கியில் வரும், எதிரணி முகம் தெரியாத ஓர் ஊரில் இருக்கும். வானொலியில் பிறந்த விளையாட்டு மறுபடியும் வெறும் குரலுக்கே திரும்பியது. இன்னொன்று: அலாஸ்காவில் மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரைக்கும்கூட ஒரு பிரிவு உண்டு. அந்த வயதில் பாதிப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டும் நிலையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குப் பெரியவர்கள் வாசித்துக் காட்டலாம், அதுவும் வாசிப்பாகவே கொள்ளப்படும். காதால் கேட்டதை வாசிப்பென்று ஒப்புக்கொள்ள நம் ஆசிரியர்களில் பலருக்கு மனம் வராது. கதை கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களான நாமே அப்படி இருப்பதுதான் ஆச்சரியம்.

இனிக் கேள்விக்கு வருவோம். 'எந்தப் புத்தகத்தில்' என்ற கேள்வியை எழுதுவது பார்ப்பதைவிடக் கடினம். கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லக்கூடாது, சொன்னால் பட்டியலைப் பார்த்தவனே விடை சொல்லிவிடுவான். பின்னட்டைக் குறிப்பில் இருப்பதைக் கேட்கக்கூடாது. 16 புத்தகத்தில் ஒன்றுக்கு மட்டுமே பொருந்த வேண்டும். கதைக்குள் போய் வந்தவனுக்கு மட்டும் தட்டுப்படுகிற ஒரு பொருளையோ, ஒரு செயலையோ தேட வேண்டும். மோர்க்குளியல் அப்படிப்பட்டது. கதைச் சுருக்கம் எழுதுகிறவர் அதைச் சொல்லமாட்டார். வாசித்த குழந்தை அதை மறக்காது.

இந்த வகைக் கேள்வி மீது ஒரு நியாயமான குற்றச்சாட்டு உண்டு. லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்க இலக்கியக் கல்வியாளர் 1978இல் எழுதிய நூலில் வாசிப்பின் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, எதையாவது எடுத்துக்கொண்டு போவதற்காக வாசிப்பது; மருந்துச் சீட்டை வாசிப்பதுபோல. மற்றது, வாசிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறதோ அதற்காகவே வாசிப்பது. ஒரே பக்கத்தை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். கதையைக் கையில் கொடுத்துவிட்டு 'பன்றியை எதில் குளிப்பாட்டினார்கள்' என்று கேட்கிறவர், கதையை மருந்துச் சீட்டாக வாசிக்கப் பழக்குகிறார். சிலந்தி சாகிற இடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு புத்தகத்தை மூடி வைத்த குழந்தைக்கு மதிப்பெண் கிடையாது. சந்தையில் வில்பருக்கு என்ன பரிசு கொடுத்தார்கள் என்று குறித்து வைத்தவனுக்கு உண்டு.

போட்டி நெருங்க நெருங்கச் சில அணிகள் அட்டைகளில் கேள்வி எழுதி மனப்பாடம் செய்வதும், பெற்றோர் பக்கத்துக்குப் பக்கம் குறிப்பெடுத்துக் கொடுப்பதும் இந்தக் கேள்வியின் குணத்தால் வருவது. நமக்கு இது தெரிந்த கதைதான். பொருள் புரியாமல் நூறு குறளை மூச்சுவிடாமல் ஒப்பித்து எவர்சில்வர் தட்டு வாங்கிய தலைமுறைகள் நம்முடையவை. கேள்வியை மட்டும் வைத்துப் பார்த்தால் புத்தகச் சமர் அந்த ஒப்புவித்தல் போட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதைக் காப்பாற்றுவது கேள்வியல்ல, அணி.

16 புத்தகம், நான்கு பிள்ளைகள். முதல் நாளே கணக்குப் போட்டுவிடுவார்கள்: ஆளுக்கு நாலு. பெரியவர்கள் இதைக் குறுக்குவழி என்று முகம் சுளிப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நாலு புத்தகம் மட்டும் வாசித்தவன் மற்ற பன்னிரண்டை எப்போது வாசிப்பான்? ஆனால் பிரித்துக்கொண்ட பிறகு என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் பிரித்துக்கொள்வதிலேயே ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. தன் பங்குக்கு வந்த புத்தகத்தை ஒருத்தி மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. சும்மா 'நல்ல கதை' என்றால் போதாது. எந்த இடத்தில் கேள்வி வரும், எது வேறொரு புத்தகத்தோடு குழம்பும் என்று சொல்ல வேண்டும். மதிய உணவு வேளையில் சொல்வாள், பள்ளி வேனில் சொல்வாள். கேட்டவர்களில் ஒருவனுக்காவது அந்தப் புத்தகத்தைத் தானே வாசிக்கத் தோன்றும். ஒன்பது வயதுக் குழந்தை வாசித்த கதையைத் தன் வயதுக்காரர்களிடம் கதையாகவே சொல்வதற்குப் பள்ளி நேர அட்டவணையில் எங்கே இடம் இருக்கிறது? ஆசிரியர் கேட்பார், இவள் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

இதற்குக் கல்வி ஆய்வில் ஒரு பழைய அடித்தளம் உண்டு. 1971இல் டெக்ஸஸ் மாநிலம் ஆஸ்டின் நகரத்தில், கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வழிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் முதன்முதலாகச் சேர்ந்து உட்கார்ந்தபோது சண்டை மூண்டது. எலியட் அரான்சன் என்ற சமூக உளவியலாளர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார். குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. ஒருவனிடம் இருப்பது மற்றவனிடம் இல்லை. தேர்வில் தேற வேண்டுமானால் இதுவரை யாரும் காதுகொடுக்காத பையன் சொல்வதையும் கேட்டே ஆகவேண்டும். அதே ஆண்டுகளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அணிகள் போட்டியிடும் வகுப்பறை விளையாட்டுகளை வைத்து ஆய்வு நடந்தது. அந்த வழியில் பின்னர் நீண்ட காலம் உழைத்த ராபர்ட் ஸ்லேவின் வந்தடைந்த முடிவு சுருக்கமானது. குழுவுக்குப் பொது இலக்கு இருக்க வேண்டும், ஒவ்வொரு உறுப்பினரும் தன் பங்குக்குப் பொறுப்பாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கற்றல் கூடுகிறது. ஒன்று இல்லாவிட்டால் கெட்டிக்காரன் ஒருவன் வேலையை முடிப்பான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

புத்தகச் சமரை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். பொது இலக்கு உண்டு. தனிப் பொறுப்பு? அது விதியில் இல்லை, புத்தகங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. பட்டியலில் நாலு புத்தகம் மட்டும் இருந்தால் ஒரு கெட்டிக்காரி எல்லாவற்றையும் வாசித்து நாலு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவாள். 16 என்கிறபோது ஒருத்தியின் நினைவில் அடங்காது. அடங்கினாலும் 15 விநாடியில் தேடி எடுக்க முடியாது. நீளமான பட்டியலும் குறுகிய நேரமும் சேர்ந்து பிள்ளைகளை ஒருவரை ஒருவர் நம்ப வைக்கின்றன. விதிகளை வகுத்தவர்கள் இதை நினைத்துத்தான் செய்தார்களா, தற்செயலாக வாய்த்ததா என்பது முக்கியமில்லை. போட்டியை வேறு இடத்தில் நடத்த நினைப்பவர்கள் 'நம் பிள்ளைகளுக்கு அஞ்சு புத்தகம் போதும்' என்று குறைத்தால் அணி வெறும் பெயருக்கு மட்டும் மிஞ்சும். புத்தகத்தின் பருமனைக் குறைக்கலாம், எண்ணிக்கையைக் குறைக்கக்கூடாது.

ஏன் மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்பு? வாசிப்பின் வளர்ச்சிப் படிகளை 1983இல் வகுத்துக் காட்டிய ஜீன் சால், மூன்றாம் வகுப்பு முடிய குழந்தை வாசிக்கக் கற்கிறது, நான்காம் வகுப்பிலிருந்து கற்பதற்காக வாசிக்கிறது என்றார். அந்தத் திருப்பத்தில் பல குழந்தைகள் சறுக்கிவிடுகிறார்கள். அதுவரை பேச்சில் கேட்ட சொற்கள்தான் பக்கத்தில் இருந்தன. இனிப் புத்தகத்தில் மட்டுமே வாழ்கிற சொற்கள் வருகின்றன. 1986இல் கீத் ஸ்டானோவிச் இதன் கொடுமையை இன்னொரு கோணத்தில் காட்டினார். நன்றாக வாசிக்கிறவன் விரும்பி வாசிக்கிறான், வாசிக்க வாசிக்கச் சொல்வளம் பெருகுகிறது, பெருகப் பெருக வாசிப்பு எளிதாகிறது. தடுமாறுகிறவன் ஒதுங்குகிறான், ஒதுங்குவதால் மேலும் தடுமாறுகிறான். உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற மத்தேயு நற்செய்தி வசனத்தை ஒட்டி இதற்கு 'மத்தேயு விளைவு' என்று பெயர் வழங்குகிறது.

இந்த இடத்தில் புத்தகச் சமர் இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. பள்ளி நிர்வாகம் கோப்பையை நினைத்துக்கொண்டு வகுப்பின் முதல் நான்கு பேரைப் பொறுக்கி அணி அமைத்தால், ஏற்கெனவே வாசிக்கிறவர்களுக்கே மேலும் பதினாறு புத்தகம் போய்ச் சேரும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். எல்லாப் பிள்ளைகளும் அணி சேரலாம், பள்ளிக்குள்ளேயே பல சுற்று நடக்கும், சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி வாசலைத் தாண்டாமலே தோற்பார்கள் என்று இருந்தால் கதை வேறு. தோற்றவன் அதற்குள் ஆறு புத்தகம் வாசித்திருப்பான். எனக்குத் தெரிந்தவரை தோற்றவர்களுக்கு மிகுதியாகக் கொடுக்கிற போட்டிகள் மிகக் குறைவு. ஒழுங்காக நடத்தினால் இது அதில் ஒன்று. மாநிலச் சுற்றின் புகைப்படங்கள் இதைக் காட்டமாட்டா.

பரிசைப் பற்றியும் பேசிவிட வேண்டும். 1973இல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்த சோதனையை ஆசிரியர் பயிற்சி மாணவர் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். வண்ணப் பேனாவால் ஆசையோடு வரைகிற பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் நாடா வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். ஒன்றுக்கு எதுவுமில்லை. சில நாள் கழித்துப் பேனாவைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் அதில் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் செலவிட்டார்கள். விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. அதற்குப் பத்தாண்டு கழித்து ஒரு பீட்சா நிறுவனம், மாத இலக்கை எட்டி வாசிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பீட்சா கொடுக்கத் தொடங்கியது. பீட்சாவுக்காக வாசித்தவனுக்கு வாசிப்பு பீட்சாவுக்குப் போகிற வழி. வழி எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, அதனால் மெலிந்த புத்தகமாகப் பார்த்து எடுப்பான்.

ஆனால் பரிசென்றாலே கேடு என்று முடித்துவிடவும் முடியாது. 2008இல் பார்பரா மரினாக், லிண்டா கேம்பிரெல் இருவரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், வாசித்ததற்குச் சில்லறைப் பொம்மையைப் பரிசாகப் பெற்றவர்கள் பிறகு வாசிப்பில் நாட்டம் குறைந்தவர்களாகத் தெரிந்தார்கள். புத்தகத்தையே பரிசாகப் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை; எதுவும் பெறாதவர்களைப்போலவே தொடர்ந்து வாசித்தார்கள். செய்த செயலுக்கும் கிடைத்த பரிசுக்கும் உள்ள தூரம்தான் பிரச்சினை. நம் பள்ளி ஆண்டு விழாக்களில் வாசிப்புப் போட்டிக்குச் சோப்பு டப்பாவும் டிபன் பாக்ஸும் கொடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். டிபன் பாக்ஸ் பயன்படும் பொருள்தான், மறுக்கவில்லை.

பட்டியலை யார் தயாரிப்பது? இங்கேதான் பெரியவர்களின் சண்டை தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே ஆண்டில் ஒரே 16 புத்தகம் நுழையப்போகிறது என்றால், அந்தப் பட்டியல் பாடநூலுக்கு நிகரான ஆயுதம் ஆகிவிடுகிறது. 2018இல் ஓரிகன் நூலகர்கள் அடுத்த ஆண்டுக்கான தொடக்கப்பள்ளிப் பட்டியலில் அலெக்ஸ் ஜினோ எழுதிய 'ஜார்ஜ்' நாவலைச் சேர்த்தார்கள். எல்லோரும் பையன் என்று நினைக்கிற, தன்னைச் சிறுமி என்று அறிந்த ஒரு திருநர் குழந்தையின் கதை. பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். ஹெர்மிஸ்டன், கேஸ்கேட் என்ற இரண்டு பள்ளி மாவட்டங்கள் அந்தப் பிரிவுப் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டன. அந்த நாவலில் வகுப்புப் பிள்ளைகள் போடுகிற நாடகம் எது தெரியுமா? 'சார்லட்ஸ் வெப்'. அந்தக் குழந்தை ஆசைப்படுகிற வேடம் சிலந்தி சார்லட். பெரும்பாலும் யாரும் ஆட்சேபிக்காத பழைய கதை, ஆட்சேபத்துக்குள்ளான புதிய கதையின் வயிற்றுக்குள் இருந்தது. நாவல் 2022 முதல் 'மெலிஸா' என்று, அந்தக் குழந்தை தனக்கு வைத்துக்கொண்ட பெயரில் வெளிவருகிறது.

ஒரு புத்தகம் பிடிக்காத பெற்றோர் தங்கள் பிள்ளையை அதை வாசிக்கவிடாமல் இருந்துகொள்ளலாம். அணி ஏற்பாட்டில் அதற்கு இடம் உண்டு, வேறொருவன் அதை வாசிப்பான். மாவட்டம் முழுவதும் விலகியதில் மற்ற பதினைந்து புத்தகங்களும் சேர்ந்தே போயின. இது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதேசமயம், பட்டியல் தயாரிப்பவர்கள் தங்களுக்குள் முடிவெடுத்து அறிவிப்பதும் போதாது. பட்டியல் பொதுச் சொத்து என்றால் அதன் நியாயத்தையும் பொதுவில் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு.

பட்டியலே வேண்டாம் என்று முடிவெடுத்தவரும் இருக்கிறார். நியூசிலாந்தில் 1991இல் வெய்ன் மில்ஸ் தொடங்கிய 'கிட்ஸ் லிட் க்விஸ்' போட்டியில் பத்திலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள நால்வர் அணிகள். பத்துத் தலைப்பு, நூறு கேள்வி. எந்தப் புத்தகத்திலிருந்தும் வரலாம். இதற்கு ஓராண்டு தயாரிப்பு உதவாது. பிறந்ததிலிருந்து வாசித்தவன்தான் தாக்குப்பிடிப்பான். அசல் வாசகரைக் கொண்டாடுகிற போட்டி அது, ஆனால் வாசகரை உருவாக்குவது பட்டியல் உள்ள போட்டிதான் என்பது என் கணிப்பு. ஜெர்மனியில் 1959 முதல் ஆறாம் வகுப்பினருக்கு உரக்க வாசிக்கும் போட்டி நடக்கிறது. அது தனியாள் போட்டி, குரலும் பாவமும் கைவந்தவர்களுக்கானது.

ஜப்பானியர் கண்டதுதான் இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. 2007இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தனிகுச்சி தடஹிரோ தொடங்கிய 'பிப்லியோ பேட்டில்'. ஒவ்வொருவரும் தான் ரசித்த ஒரு புத்தகத்தோடு வருவார்கள். ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு இரண்டு மூன்று நிமிடம் கலந்துரையாடல். கடைசியில் வாக்கெடுப்பு. யார் நன்றாகப் பேசினார் என்பதற்கு வாக்கு இல்லை. எந்தப் புத்தகத்தை வாசிக்க உங்களுக்கு அதிகம் ஆசை வருகிறது என்பதற்குத்தான். வெல்வது ஆளல்ல, புத்தகம். தொடக்கப்பள்ளிகளில் மூன்று நிமிடமாகச் சுருக்கியும் நடத்துகிறார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் வேனில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கதை சொல்கிறார்களே, அதைத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்து மேடையில் வைத்ததுபோல.

தமிழ்நாட்டிலும் ஒரு கூட்டு வாசிப்புப் போட்டி நடந்தது. 2022 ஜூன் மாதம் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், கூகுள் நிறுவனத்தின் 'ரீட் அலாங்' செயலியில் பிள்ளைகள் உரக்க வாசிக்க, வாசித்த சொற்களை எண்ணி ஒன்றியத்துக்கு ஒன்றியம் போட்டி வைத்தார்கள். கோடிக்கணக்கில் சொற்கள் சேர்ந்தன. கொரோனாவில் எழுத்து மறந்துபோன பிள்ளைகளை மறுபடி வாய்திறக்க வைத்தது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் ஒன்றியம் என்பது அணி ஆகாது. ஒரு ஒன்றியத்தின் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. எண்ணிக்கை கூடியது, பேச்சு நடக்கவில்லை.

அதன்பிறகு வந்த வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் இன்று அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. மெல்லிய புத்தகங்கள், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். ஒரு புத்தகச் சமருக்கு வேண்டிய எல்லாம் அலமாரியிலோ, கயிற்றில் தொங்கியபடியோ ஏற்கெனவே காத்திருக்கிறது. இதை வாசிக்கிற ஆசிரியர் யாராவது இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'பற' நிலைப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்து ஓர் அணி ஆக்காதீர்கள். 'நுழை' ஒன்று, 'நட' ஒன்று, 'ஓடு' ஒன்று, 'பற' ஒன்று என்று கலந்து உட்கார வையுங்கள். அவரவர் நிலைக்குரிய புத்தகம் அவரவர் பொறுப்பு. 'நுழை' புத்தகத்தின் கேள்விக்கும் 'பற' புத்தகத்தின் கேள்விக்கும் ஒரே மதிப்பெண் கொடுங்கள். அப்போது வகுப்பில் வாய்திறக்காத குழந்தை சொல்வதை மற்ற மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். கேள்விகளை நீங்கள் எழுத வேண்டாம். இந்த அணிக்கான கேள்வியை அந்த அணியும், அந்த அணிக்கானதை இந்த அணியும் எழுதட்டும். 'எந்தப் புத்தகத்தில்' என்று தொடங்கினால் போதும்.